குன்றக்கோனுக்குத் துடக்கு

1

வந்திருந்தவர்கள்:

றமேஸ். குருநகர். விளையாட்டை நடத்துகிறவன்.
றொசாந்தி. அதே கத்தோலிக்கப் பங்கு, அதே தெரு. வங்கியொன்றில் வேலை.
நிருஷன். அச்சுவேலி. தகப்பன் செத்து அன்றோடு இருபத்துமூன்று நாள்.
திருக்கை. செதிளர் இனம். படகோட்டி. வயிற்றில் அம்பு தைத்திருக்கிறது.
குன்றக்கோன். குள்ளர் இனம். கோடரிக்காரன்.
கடவுள் ஒருவர். உப்பால் ஆனவர்.

முதல் மூன்று பேரும் பிளாஸ்டிக் கதிரைகளில் இருந்தார்கள். மற்ற மூன்று பேரும் தாள்களில் இருந்தார்கள். இடம் அரியாலையில் ஒரு மருந்துக்கடைக்கு மேலுள்ள அறை, நேரம் ஞாயிறு பின்னேரம் மூன்று மணி. நான் அங்கே இருக்கவில்லை. இந்தக் கதையின் முதலாவது குறை அதுதான்.

கதை எனக்குக் கிடைத்த வழியைச் சொல்லிவிடுகிறேன். றமேஸ் ஒருநாள் நாலாக மடித்த தாள் ஒன்றைக் கொண்டுவந்து காட்டினான். "எனக்கு எழுத வராது, நீ எழுது. பேருகளை மாத்திப்போடு" என்றான். மாற்றிவிட்டேன். குன்றக்கோனின் பெயரை மட்டும் மாற்றவில்லை. அவன் சார்பில் சண்டைக்கு வர யாருமில்லை.

முதலில் இப்படித் தொடங்கினேன்: "அரியாலையில் மழை பெய்துகொண்டிருந்த ஒரு —" மழை பெய்யவில்லை. விட்டுவிட்டேன். பிறகு: "மனிதன் தன் வெறுப்பை எங்கே ஒளித்துவைக்கிறான் என்ற கேள்வி —" இந்த வாக்கியத்தை எழுதிய கையை நானே உடைக்கலாம். அதையும் விட்டேன். ஆட்களின் பட்டியல்தான் பொய்யில்லாமல் நின்றது.

2

விளையாட்டு இப்படி. ஒருவர் உலகத்தைச் சொல்லுவார். மற்றவர்கள் அந்த உலகத்தில் ஆளுக்கொரு பாத்திரமாக இருந்து, இதைச் செய்கிறேன் அதைச் செய்கிறேன் என்பார்கள். செய்தது பலித்ததா என்பதை இருபது பக்கங்கள் உள்ள ஒரு பகடை சொல்லும். நடத்துகிறவனை அவர்கள் மாஸ்ரர் என்று கூப்பிட்டார்கள்; எங்கள் ஊரில் வாத்தியாரைக் கூப்பிடுகிற சொல். றமேசுக்குச் சாதாரண தரப் பரீட்சையில் கணக்குப் பாடம் இரண்டு தரம் தவறியது. அதனால் அந்தப் பட்டத்தில் அவனுக்கு ஒரு தனி விருப்பம்.

பாத்திரத்தின் தாளை றமேசே தமிழில் தயாரித்திருந்தான். பெயர், இனம், பலம், ஆயுதம். அடியில் இரண்டு பெட்டிகள்: பிற சமயத்தவரை எப்படிப் பார்க்கிறார்? பிற இனத்தவரை எப்படிப் பார்க்கிறார்?

இந்த இரண்டு கேள்விகளையும் எங்கள் பக்கத்து ஆள் ஒருவனிடம் நேரே கேட்டால் எழும்பிப் போய்விடுவான். அல்லது மேடைப் பேச்சு ஒன்று பேசுவான். குள்ளன் ஒருவனின் பேரில் கேட்டால் உண்மையை எழுதுவான். நிருஷன் தன் குன்றக்கோனுக்காக எட்டு மாதத்துக்கு முன்னர், யோசிக்காமல், பென்சிலால் எழுதியது இது:

பிற சமயம்: கையெடுத்துக் கும்பிடுவார். உள்ளே போகமாட்டார்.
பிற இனம்: கதைப்பார், வியாபாரம் செய்வார். சம்பந்தம் வைக்கமாட்டார்.

சம்பந்தம் என்றால் கலியாணம் பேசுவது. றமேஸ் அதை வாசித்துவிட்டு வயிறு நோகச் சிரித்தானாம். "மச்சான், உவன் மலையிலை பிறக்கேல்லை. அச்சுவேலிச் சந்தையிலை வெங்காயம் விக்கிறவன்."

நிருஷனும் சிரித்தான். அவன் தகப்பன் நடராசா அச்சுவேலியில் வெங்காயத் தோட்டம் செய்கிறவர். அந்த இரண்டு வரிகளும் அவருடையவை.

3

அடுத்த விஷயத்தை முதல் எழுத்துப்படியில் கடைசிவரை ஒளித்து வைத்திருந்தேன். அது மலிவான வேலை. இப்போதே சொல்கிறேன்.

நிருஷனுக்கு ஓர் அக்கா. பெயர் பிரசாந்தி. மூன்று வருடங்களுக்கு முன்னர் குருநகரில் ஜெயசுதன் என்ற கடற்றொழில் செய்கிறவனைக் கட்டிக்கொண்டு போனாள். கோவிலில், அதாவது அவர்களுடைய மாதா கோவிலில், திருமணம் நடந்தது. நடராசா கத்தவில்லை, அடிக்கவில்லை. கிணற்றடிக்குப் போய்த் தலைமுழுகிவிட்டு வந்து சாப்பிட்டார். செத்தவருக்கு முழுகுவதைப் போல. அதற்குப் பிறகு அந்த வீட்டில் யாரும் அவள் பெயரை எடுக்கவில்லை.

(ஜெயசுதனின் தங்கைதான் றொசாந்தி. எட்டு மாதங்களாக நிருஷனும் அவளும் ஒரே மேசையில் விளையாடினார்கள். யார் யார் என்பது இருவருக்கும் முதல் நாளே தெரியும். குன்றக்கோனும் திருக்கையும் எட்டு மாதமாக ஒருவர் உயிரை ஒருவர் காப்பாற்றினார்கள். நிருஷனும் றொசாந்தியும் பிரசாந்தியைப் பற்றி ஒரு சொல்லும் பேசவில்லை. இதை வாசிக்கிற வெளியூர்க்காரருக்கு நம்ப முடியாமல் இருக்கும். உள்ளூர்க்காரருக்கு விளக்கம் தேவையில்லை.)

நடராசா நெஞ்சுவலியில் செத்தார். செத்தவீட்டன்று பிரசாந்தி ஓட்டோவில் வந்து இறங்கினாள். நடராசாவின் தமையன் முத்துக்குமாரு வாசல் படலையில் நின்றார். "நீர் அவர் தலைமுழுகின பிள்ளை. திரும்பிப் போம்" என்றார். அவள் அதே ஓட்டோவில் ஏறினாள். போனாள். கொள்ளி வைக்கவேண்டிய நிருஷன் ஈர வேட்டியோடு முற்றத்தில் நின்று இதைப் பார்த்தான். வாய் திறக்கவில்லை.

முப்பத்தோராம் நாள் கீரிமலையில் அந்தியேட்டிச் சடங்கு. அதுவரை வீட்டுக்காரருக்குத் துடக்கு, அதாவது தீட்டு: கோயில் வாசல் மிதிக்கக்கூடாது, மீன், இறைச்சி என மச்சம் ஒன்றும் சாப்பிடக்கூடாது. அந்தியேட்டியோடு துடக்குக் கழியும். அதற்குப் பிறகு பிரசாந்தி அந்த வீட்டுக்கு வந்தால் விருந்தாளி. அதற்கு முன்னர் வந்தால்தான் செத்தவரின் பிள்ளை. இதை யாரும் சட்டமாக எழுதி வைக்கவில்லை. ஆனால் நிருஷனுக்குத் தெரியும், தாய் பத்மாவதிக்குத் தெரியும், முத்துக்குமாருவுக்கு நன்றாகத் தெரியும். தாய் ஒன்றும் கேட்காமல் மகனின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். இன்னும் எட்டு நாட்கள் இருந்தன. வீட்டில் அந்தப் பார்வையோடு இருக்க முடியாமல்தான் நிருஷன் அன்றைக்கு அரியாலைக்கு வந்தான்.

4

இனி விளையாட்டு.

றொசாந்தியின் திருக்கைக்கு வயிற்றில் அம்பு. செதிளர்களின் கோயிலுக்குள் கொண்டுபோனால் பிழைப்பாள். றமேஸ் அந்தக் கோயிலைச் சொன்னதை, அவன் எனக்குச் சொன்ன மாதிரியே தருகிறேன்.

"கடல் வத்தினால்தான் கோயில் தெரியும். கூரை இல்லை. நடுவிலை சாமி, ஆளுயரம், முழுக்க உப்பு. வெள்ளம் ஏறேக்கை கரைஞ்சுபோம். வத்தினவுடனை செதிளர் வந்து திரும்பச் செய்வினம். ஒரு நாளைக்கு ரெண்டு தரம். ஆயிரம் வருசமாச் செய்யினம். ஒருதரும் இதுவரைக்கும் அலுத்துப்போய் நிப்பாட்டேல்லை."

இதைச் சொன்னவன் கணக்கில் இரண்டு தரம் தவறியவன். நான் அதை இன்னொரு தரம் சொல்லச் சொன்னேன்.

"குன்றக்கோன் அவளைத் தூக்கிக்கொண்டு உள்ள போகவேணும்," றமேஸ் சொன்னான். "இன்னும் மூண்டு சுத்து ஆட்டம்தான் இருக்கு. பிறகு வெள்ளம் ஏறீடும்."

"வாசல் மட்டும் கொண்டுபோவன்," நிருஷன் சொன்னான். "உள்ள போகமாட்டன்."

"டேய், உந்தப் பெட்டியை அழிச்சுப்போடடா. அவள் சாகப்போறாள்."

"விடுங்கோ றமேஸ் அண்ணை," என்றாள் றொசாந்தி. "குன்றக்கோன் நல்ல மனுசன். சம்பந்தம்தான் வைக்கமாட்டார். எங்கடை செத்தவீட்டுக்கு வருவார். நாங்கள்தான் அவையின்ரைக்குப் போகக்கூடாது."

எட்டு மாதத்தில் அந்தப் பேச்சு வந்தது அதுதான் முதல் தரம். றமேஸ் பகடையை எடுத்துத் துடைத்தான். துடைக்க அதில் ஒன்றுமில்லை.

"அதுக்கில்லை," என்றான் நிருஷன். "துடக்கு."

"ஆருக்கு?"

"குன்றக்கோனுக்கு."

"குன்றக்கோன்ரை ஆர் செத்தது?"

நிருஷன் தாளைப் பார்த்தான். குன்றக்கோனுக்குத் தாயும் இல்லை, தகப்பனும் இல்லை. மலையில் ஒரு குகையில் கண்டெடுத்த பிள்ளை என்று தாளில் எழுதியிருக்கிறது. தகப்பன் செத்தது தாளுக்கு வெளியே இருந்தவனுக்கு. அவன் தன் துடக்கோடு விளையாட்டுக்குள் போய், குள்ளனுக்கும் ஒட்டவைத்துவிட்டான்.

இந்தப் பிழையை உலகத்தில் வேறு எந்த ஊர் விளையாட்டுக்காரனும் விடமாட்டான்.

யாரும் சிரிக்கவில்லை. றமேஸ்தான் மெதுவாகக் கேட்டான். "சரி மச்சான், துடக்கெண்டே வைப்பம். உன்ரை சாமி மலையிலை இருக்கு. இது செதிளற்றை சாமி. உன்ரை துடக்கு இதுக்கு என்னெண்டு ஒட்டும்?"

"சாமியெண்டால் சாமிதானே," என்றான் நிருஷன். "ஒட்டும்."

5

[இந்த இடத்தில் ஒரு பக்கம் கட்டுரை எழுதி, பெரும்பகுதியை வெட்டினேன். மிஞ்சியது கீழே.]

நான் எழுத நினைத்தது வேறு கதை. சாதி சமயத் திமிர் உள்ள ஒருவன் விளையாட்டில் குள்ளனாகி, மற்றவர்களோடு பழகித் திருந்துகிற கதை. அப்படி எழுதினால் எல்லோருக்கும் பிடிக்கும். ஆனால் தாள் என்னிடம் இருக்கிறது. அந்த இரண்டு பெட்டிகளிலும் ஒரு சொல்லும் மாறவில்லை. அழித்த தடமும் இல்லை.

"உள்ளே போகமாட்டார்" என்று ஒருவன் எழுதும்போது அது இகழ்ச்சி என்று நாங்கள் எடுத்துக்கொள்கிறோம். நடராசா அதை இகழ்ச்சியாகத்தான் சொல்லியிருப்பார். அவரைக் காப்பாற்றுவது என் வேலையில்லை. ஆனால் அதே வரியை மகன் திருப்பிப் பிடித்தபோது உள்ளே வேறொன்று தெரிந்தது. தன் துடக்கு இன்னொருவரின் கடவுளுக்கு ஒட்டும் என்று பயப்படுகிறவன், அந்தக் கடவுள் அங்கே இருக்கிறார் என்று நம்புகிறான். எல்லா மதமும் ஒன்று என்று மேடையில் சொல்கிறவர்களில் எத்தனை பேர் மற்றவரின் கடவுளுக்கு இப்படிப் பயப்படுவார்கள்? நாளுக்கு இரண்டு தரம் கரைகிற உப்புக்கட்டி. றமேஸ் சோற்றுக்கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அவனுக்குத் தோன்றிய கடவுள். அதற்கு முன்னால் ஒருவன் தன் தீட்டோடு ஒதுங்கி நிற்கிறான்.

எனக்கு எதைக் கண்டும் வாய் பிளக்கும் பழக்கம் இல்லை. இதைக் கேட்டபோது பிளந்தது.

6

"அப்ப நான் சாகிறதோ?" என்று றொசாந்தி கேட்டாள். குரல் திருக்கையினுடையது அல்ல.

"இல்லை," என்றான் நிருஷன். "வாசலிலை வைச்சுக்கொண்டு சாமியைக் கூப்பிடுவன்."

"சாமியை?"

"உள்ள வர ஏலாத ஆக்களுக்குச் சாமி வெளிய வரும்தானே. வேற என்னத்துக்குத் திருவிழாவிலை வீதி சுத்துது?"

றமேசிடம் அந்தக் கோயிலைப் பற்றிப் பதினொரு பக்கக் குறிப்பு இருந்தது. இதற்கு அதில் ஒரு வரியும் இல்லை. அவன் பகடையை நிருஷனின் கையில் வைத்தான். "பதினைஞ்சுக்கு மேலை விழவேணும்."

பதினேழு விழுந்தது.

பிறகு நடந்ததை றமேஸ் தான் சொல்லவில்லை என்கிறான். தன் வாயால் வந்தது, ஆனால் தான் சொல்லவில்லையாம். செதிளர்கள் ஆறு பேர் உப்புச் சாமியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தார்கள். ஆயிரம் வருடத்தில் அது முதல் தடவை. ஈரக் கைகள். தூக்கத் தூக்கச் சாமி கரைந்தது. வாசலுக்கு வந்து சேரும்போது தோள் இல்லை, ஒரு கை இல்லை. கரைந்த தண்ணீர் திருக்கையின் காயத்தில் சொட்டுச் சொட்டாக விழுந்தது.

"எரியுமே?" என்று கேட்டாள் றொசாந்தி.

"எரியும்," என்றான் றமேஸ்.

"அப்ப நான் கத்துறன்," என்றாள். மெதுவாகச் சொன்னாள்.

காயம் மூடியது. சாமியில் பாதி முடிந்திருந்தது. மிச்சத்தை உள்ளே கொண்டுபோனார்கள். குன்றக்கோன் வாசலுக்கு இந்தப் பக்கத்தில் கைகூப்பியபடி நின்றான்.

மருந்துக்கடைக்கு மேல், மின்விசிறிக்குக் கீழே, மூன்று பேரும் பகடையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு கடவுளைக் கண்டவர்கள் எப்படி இருப்பார்கள் என்று எனக்குத் தெரியாது. இப்படித்தான் இருப்பார்கள் என்று வைத்துக்கொள்கிறேன்.

7

றொசாந்தி தாளை மடித்துப் பையில் வைத்தாள். எழும்பினாள். திரும்ப இருந்தாள்.

"நிருஷன் அண்ணை, ஒண்டு சொல்லவேணும். விளையாட்டில்லை."

"சொல்லும்."

"அண்ணி, உங்கடை அக்கா, இருபத்திமூண்டு நாளாக் கோவிலுக்கு வாறேல்லை. நாலு ஞாயிறு பூசைக்கும் வரேல்லை. ஃபாதர் வீட்டை வந்து கேட்டவர். அவ ஒண்டும் சொல்லேல்லை. பிறகு என்னட்டைச் சொன்னவ, துடக்காம். ஃபாதரிட்டைச் சொன்னால் விளங்காதாம்."

"கட்டிப்போன பிள்ளைக்குத் துடக்கு மூண்டு நாள்தானே," என்றான் நிருஷன்.

"எனக்கு உங்கடை கணக்குத் தெரியாது. அவ முப்பத்தொண்டு எண்டுதான் நாள் எண்ணுறா. ஏனெண்டு நீங்கள் போய்க் கேளுங்கோ."

[நிருஷன் அப்போது என்ன நினைத்தான் என்று மூன்று தரம் எழுதிப் பார்த்தேன். "அவன் நெஞ்சில் ஏதோ —" "ஈர வேட்டியோடு நின்ற அந்த —" "அக்கா." மூன்றாவது பரவாயில்லை.]

குருநகரில், மாதா படத்துக்குக் கீழே, தலைமுழுகப்பட்ட ஒருத்தி நாள் எண்ணிக்கொண்டிருந்தாள். அரியாலையில் அவளுடைய தம்பி ஒரு குள்ளனுக்குத் துடக்குக் காத்துக்கொண்டிருந்தான். இதை நான் கற்பனை செய்திருந்தால் எனக்கே கூச்சமாக இருந்திருக்கும்.

8

முடிவுகள்.

முதலாவது: நிருஷன் குருநகருக்குப் போகிறான், அக்காவும் தம்பியும் கட்டிப்பிடித்து அழுகிறார்கள். வேண்டாம். இவர்கள் கட்டிப்பிடிக்கிறவர்கள் இல்லை.

இரண்டாவது: முத்துக்குமாரு மனம் மாறுகிறார். எழுதிப் பார்த்தேன். அவர் என் பேனைக்கு அடங்கவில்லை. உண்மையில், அக்காவைக் கூட்டிவரப்போகிறேன் என்று நிருஷன் தொலைபேசியில் சொன்னபோது அவர் சொன்னது இது: "அவள் வந்தால் நான் வரமாட்டன். கீரிமலைக்கும் வரமாட்டன். பிறகு தகப்பன் வழியிலை ஆர் நிக்கிறதெண்டு பாத்துக்கொள்."

மூன்றாவது: நிருஷன் ஒன்றும் செய்யவில்லை, நாள் கழிந்தது. இதுதான் பெரும்பாலும் நடப்பது. இதை எழுத எனக்குத் துணிவு இருந்தது. ஆனால் நடந்தது அது இல்லை.

நடந்ததில் றமேஸ் கண்டது மட்டும் எனக்குத் தெரியும். இருபத்தெட்டாம் நாள், வெள்ளிக்கிழமை. நிருஷன் கேட்டதற்காகத் தன் தகப்பனின் ஓட்டோவை எடுத்துக்கொண்டு போனான். பின்சீற்றில் அக்காவும் தம்பியும். கோப்பாய் தாண்டும்வரை பேச்சில்லை.

"மச்சம் சாப்பிடுறனியே?" என்று தம்பி கேட்டான்.

"இல்லை."

"மீன்காரற்றை வீட்டிலை இருந்துகொண்டோ?"

"மாமி எனக்கெண்டு புதுச் சட்டி வாங்கித் தனியாச் சமைச்சுத் தாறா. கரண்டியும் வேற. 'உன்ரை அப்பாவுக்கு நீ செய்யிறதை நான் குழப்பக்கூடாது பிள்ளை' எண்டவ."

மாமியின் பெயர் அற்புதராணி. காலையில் மீன் விற்று, பின்னேரம் செபமாலை சொல்கிற மனுசி. இருபத்தெட்டு நாள் மச்சம் படாத ஒரு சட்டியை அந்த வீட்டில் காப்பாற்றியிருக்கிறார். றமேஸ் கண்ணாடியில் பின்னால் பார்த்தானாம். நிருஷன் வெளியே வெங்காயத் தோட்டங்களைப் பார்த்துக்கொண்டு வந்தான்.

வீட்டு விறாந்தையில் முத்துக்குமாரு இருந்தார். அன்றைக்கென்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். ஊர் அப்படித்தான்.

"தம்பி, நான் சொன்னது விளங்கினதுதானே?"

"விளங்கினது பெரியப்பா."

"பிறகு?"

"அக்காவுக்கும் துடக்கு. துடக்கு வீட்டைத்தான் வாறா."

"கட்டிக்குடுத்த பெட்டைக்கு மூண்டு நாள். அது எப்பவோ கழிஞ்சுது."

பிரசாந்தி செருப்பைக் கழற்றினாள். "என்னை ஆர் பெரியப்பா கட்டிக்குடுத்தது?" என்றாள். குரலை உயர்த்தவில்லை. "ஒருதரும் கட்டிக்குடுக்கேல்லை. நானாத்தான் போனனான். அப்ப நான் இன்னும் இந்த வீட்டுப் பிள்ளைதானே. முப்பத்தொரு நாள்."

முத்துக்குமாருவுக்குச் சாத்திரம் தெரியும். எழும்பிச் சால்வையைத் தோளில் போட்டார்.

"திங்கட்கிழமை அந்தியேட்டிக்கு என்னைப் பாராதை," என்று நிருஷனிடம் சொன்னார்.

"ஓம் பெரியப்பா."

அவர் ஒழுங்கையால் போய் மறைந்தார். கீரிமலையில் அன்றைக்கு நிருஷனின் பக்கத்தில் தகப்பன் வழியில் ஒருவரும் நிற்கவில்லை. அதை இப்போதே சொல்லிவிடுகிறேன், இலவசமாக எதுவும் கிடைக்கவில்லை என்று நீங்கள் தெரிந்துகொள்ள.

உள்ளே பத்மாவதி இருந்தார். விறாந்தையில் நடந்த எல்லாம் அவருக்குக் கேட்டிருக்கும். மூன்று வருடத்துக்குப் பிறகு மகளைக் கண்டதும் அந்த மனுசி என்ன சொன்னார், அல்லது ஒன்றும் சொல்லாமல் உலை வைக்கப் போனாரா, எனக்குத் தெரியாது. றமேஸ் ஓட்டோவை விட்டு இறங்கவில்லை. நான் எழுதலாம். ஐந்து விதமாக எழுத முடியும், ஐந்தும் நன்றாக இருக்கும். எழுதமாட்டேன். இத்தனை நேரம் நிருஷனின் தோளுக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் பார்த்தோம். இனி அது எங்களுக்கு உரிய இடமில்லை. உங்களுக்கு ஒரு தாய் இருந்தால், அல்லது இருந்திருந்தால், பத்மாவதியின் முதல் சொல்லை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். சரியோ பிழையோ என்று எனக்குச் சொல்லவேண்டாம்.

பிரசாந்தி வாசல் நிலையில் தலை தட்டாமல் குனிந்து உள்ளே போனாள். நிருஷன் பின்னால் போனான். பகலில் யாரும் சாத்தாத அந்த முன்கதவை அவன் சாத்தினான். உள்ளேயிருந்து திறப்புச் சாவியைச் சுற்றிப் பூட்டினான்.